இன்ஜினைப் பிரிக்கும் முன் சாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கிறது கிளியனூர். இங்கே காரில் பெரிய கோளாறு என்றால், ஒன்று திண்டிவனம், இல்லாவிட்டால் புதுச்சேரி. அதுவே டர்போ வைத்த வண்டி, இறக்குமதியான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்றால், சென்னைவரை ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு யோசித்து, 'எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கப்படும்' என்று போர்டு வைத்த ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். அட்வான்ஸ் கைமாறும். 'பார்ட்ஸ் வரல', 'ஹெட் லேத்துல இருக்கு', 'அடுத்த வாரம் கண்டிப்பா' என்று மாதங்கள் ஓடும். ஒருவழியாக வண்டி வந்து சேர்ந்தால், பழைய சத்தம் அப்படியே இருக்க, புதிதாகப் புகையும் சேர்ந்திருக்கும். வெறுத்துப்போய், 'இனி நாமே வீட்டில் பிரித்துப் பார்த்துவிடலாம்' என்று முடிவெடுப்பவர்கள் உண்டு.

சொந்தக் காரைச் சொந்த வீட்டில் பழுதுபார்க்க எந்தச் சட்டமும் தடை போடவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மெக்கானிக் செய்த வேலை சரியில்லை என்பதற்கு முதல் சாட்சி அந்த இன்ஜின்தான். நீங்கள் அதைப் பிரித்துவிட்டால், 'நான் சரியாகத்தான் கொடுத்தேன், வீட்டில் கழற்றிக் கெடுத்தது இவர்தான்' என்று எதிர்த்தரப்பு சொல்ல வழி பிறந்துவிடுகிறது. சேவையில் குறைபாடு இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையதே என்று 2021-ல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

மெக்கானிக்கின் கடமை என்ன?

காசு கொடுத்துப் பெறும் கார் பழுதுபார்ப்பு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி ஒரு 'சேவை'. அலட்சியமாக வேலை செய்வதும், தெரியவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் 'சேவைக் குறைபாடு' என்று அந்தச் சட்டம் சொல்கிறது. செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பது 'முறையற்ற வணிக நடைமுறை'. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன ஒர்க்‌ஷாப் என்றாலும், செய்த வேலையையும் மாற்றிய பார்ட்ஸையும் எழுதி, கையெழுத்திட்ட ஒரு ரசீதை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

வண்டியை ஒப்படைத்தபின் அதன் பாதுகாப்பும் மெக்கானிக் பொறுப்பு. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. மழையில் போனட் திறந்து கிடந்து சென்சார்கள் கெட்டுப்போனால், 'வண்டி உங்களுடையதுதானே' என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கழற்றிய பழைய பார்ட்ஸும் உங்கள் சொத்துதான். திருப்பித் தரச் சொல்லி முதலிலேயே ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நண்பரோ உறவினரோ காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்திருந்தால், அது நுகர்வோர் வழக்காகாது. காரை வாடகைக்கு ஓட்டிச் சொந்தப் பிழைப்பு நடத்துபவருக்கு 'வணிக நோக்கம்' என்ற தடை இல்லை. அவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

'காசைக் கொடு, வண்டியை எடு'

தகராறு வந்ததும் வண்டியைப் பிடித்துவைப்பது வழக்கமாக நடப்பது. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170 மெக்கானிக்குக்கு அந்த உரிமையைத் தருகிறது, எல்லையோடு. ஒப்புக்கொண்ட வேலையை முடித்திருக்க வேண்டும். அந்த வேலைக்கான நியாயமான கூலி பாக்கி இருக்க வேண்டும். பாதியில் விட்ட வேலைக்கோ, உங்கள் இன்னொரு வண்டியின் பழைய கணக்குக்கோ இந்தக் காரைப் பிடித்துவைக்க முடியாது.

வாக்குவாதம் முற்றுவதைவிட, பில்லில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிப் பணத்தை யு.பி.ஐ. மூலமோ வங்கி வழியாகவோ செலுத்தி வண்டியை எடுத்துவிடுவது நல்லது. பணம் கட்டியதால் குறையை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்பதற்கு அந்த ஒரு வரி ஆதாரம்.

நல்ல டர்போவைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிவிட்டார்கள், பார்ட்ஸை விற்றுவிட்டார்கள் என்றால் விஷயம் வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316-இன்கீழ் வரும் நம்பிக்கை மோசடி. காவல் நிலையத்தில் புகார் தரலாம். வேலை தரமாக இல்லை என்பதற்கு மட்டும் காவல் நிலையம் சரியான இடமல்ல.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை

இன்ஜினைத் தொடாமல் இவற்றைச் செய்யுங்கள்:

• ஓடோமீட்டர், இன்ஜின் எண், ஆயில் கசிவு, சத்தம், புகை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள்.

• ஸ்கேனர் போட்டு, பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளை அச்செடுங்கள். அழித்துவிடாதீர்கள், பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் அவை அழிந்துபோகும்.

• வேறொரு ஒர்க்‌ஷாப்பிலோ அங்கீகாரம் பெற்ற சர்வேயரிடமோ கம்ப்ரஷன், ஆயில் பிரஷர் அளவுகளோடு எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்குங்கள்.

• பழைய மெக்கானிக்குக்கு ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். குறை என்ன, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் எந்தத் தேதியில் இன்ஜினைப் பிரிக்கப் போகிறீர்கள் என்று எழுதி, அன்று நேரில் வந்து பார்க்க அழையுங்கள். வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்பதே உங்களுக்குச் சாதகம்.

• பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் வீடியோவில் பதியுங்கள். சேதமான பாகங்களைத் துடைக்காமல் பெயர் எழுதி உறையில் போடுங்கள். வழக்கு முடியும்வரை பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

ஆபத்து எங்கே?

ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினில் நம்மூர்க் கைப்பழக்கம் சில இடங்களில் கைகொடுக்காது. அலுமினிய பிளாக்கில் சிலிண்டரின் உட்சுவரில் தனிப்பூச்சு கொடுத்த இன்ஜின்கள் உண்டு. அவற்றைச் சாதாரண லேத்தில் ரீபோர் அடித்தால் பிளாக்கே வீண். ஹெட் போல்ட்டுகள் பல, ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை. அவற்றைத் திரும்பப் போடக்கூடாது. டைமிங் செயின் பல் தப்பினால் பிஸ்டன் வால்வை மோதிவிடும் இன்ஜின்கள் ஏராளம். அந்த மாடலுக்குரிய லாக்கிங் டூல், டார்க் ரெஞ்ச், கம்பெனியின் சர்வீஸ் கையேடு மூன்றும் கையில் இல்லாமல் ஹெட்டைத் தூக்காதீர்கள். ஆயில், ஃபில்டர், பிளக், கூலன்ட் மாற்றுவது வரை வீட்டில் பயமின்றிச் செய்யலாம்.

உயிருக்கு ஆபத்தானவை இன்னும் சில. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. கெட்டித் தரையில் ஸ்டாண்டு வைத்தே ஆகவேண்டும். டீசல் காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 1,600 பார் அளவைத் தாண்டும். கசிவை விரலால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் அதே வரிசையில் வருபவை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மயக்கம் வந்தபிறகுதான் தெரியும்.

கழிவு ஆயில் அபாயகரக் கழிவுகள் விதிகள் 2016-இன்கீழ் வருகிறது. கால்வாயில் ஊற்றினால் அது ஏரிக்குப் போகும். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவெளிக்குச் சுற்றுவட்டார ஏரிகள் பலவற்றின் உபரிநீர் போய்ச் சேர்கிறது. 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் அது. பழைய ஆயிலை கேனில் பிடித்து, முறையாகச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. கெட்ட இன்ஜினுக்குப் பதில் வேறு இன்ஜினை மாட்டினால், பதிவுச் சான்றிதழில் உள்ள இன்ஜின் எண் பொருந்தாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுப் பதிவைத் திருத்த வேண்டும். கம்பெனி அமைப்பையே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 182-ஏ-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தத்துக்காக சைலன்சரை மாற்றுவோரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளம் புகுந்த இன்ஜின்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற காரை 'ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவது பெருந்தவறு. காற்றை அழுத்துவதுபோலத் தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண காப்பீட்டில் நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். அதற்கென்றே தனியாக 'இன்ஜின் பாதுகாப்பு' சேர்க்கை இருக்கிறது.

இங்கும் விதி அதுதான்: நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றாதீர்கள். கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

எங்கே முறையிடுவது?

முதல் படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கிளியனூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி: கார் பழுதுபார்க்கப்பட்டது புதுச்சேரியில் என்றாலும், யூனியன் பிரதேச எல்லையைத் தாண்டி அங்கே அலையத் தேவையில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது 2019 சட்டத்தின் பிரிவு 34. விழுப்புரம் மாவட்ட ஆணையமே போதும்.

நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம்வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. 'இ-ஜாக்ருதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் கூடுதல் காலம் பிடிக்கலாம். கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும், குறையைச் சரிசெய்யவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு மூன்றாண்டுவரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. தீர்ப்பு பாதகமானால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடுமா?

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கு கொடுத்தாலும் வாரண்டி ரத்து என்ற பொதுவான மிரட்டல் செல்லாது என்பதே இந்தியப் போட்டி ஆணையத்தின் நிலை. 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் 2014 ஆகஸ்ட் 25 அன்று அது இட்ட உத்தரவு, உதிரி பாகங்களும் கோளாறறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. அபராதம் குறித்த சண்டை மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு கம்பெனி பொறுப்பேற்காது. வீட்டில் நீங்கள் செய்த வேலைக்கும் அதுவே பொருந்தும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் வாகனத் துறையும் ஒரு பிரிவு. வண்டி வாங்கிய நிறுவனத்தின் கையேடு, வாரண்டி விவரங்களை அங்கே தேடிப் பார்க்கலாம்.

குறை வெளிப்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். 'பார்ட்ஸ் வந்துடும்ணே' என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கும் காலமும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆகவே கடிதத்தை முதலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்து, சொன்ன தேதியும் கடந்தபின் இன்ஜினைப் பிரிக்கத் தொடங்கலாம்.