‘நல்லாத்தானே இருக்கான்!’

2017 மார்கழியில் ஒருநாள் விடியற்காலை 3 மணிக்கு என் போன் அடித்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் எடுத்தேன். தம்பிதான். “அக்கா, தூங்கிட்டியா? ஒரு யோசனை வந்துது, உடனே உன்கிட்ட சொல்லணும்னு இருந்துது” என்றான். குரலில் அப்படியொரு பூரிப்பு. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் 2 ஏக்கர் தர்பூசணி போடுகிறவன், அந்த வருஷம் 12 ஏக்கர் குத்தகைக்குப் பேசி முடித்திருந்தான். காய் ஏற்ற ஒரு குட்டியானை வாங்கப்போகிறானாம். சரக்கை நேரே பெங்களூருக்கு அனுப்பப்போகிறானாம். 40 நிமிஷம் பேசினான். நடுவில் நான் ‘ம்’ கொட்டக்கூட இடமில்லை.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. வகுப்பில் ஒரு பிள்ளை வாடியிருந்தால் வாசற்படியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். தம்பி வாடியிருக்கவில்லையே, எப்படித் தெரியும்? முன்பின் பழகாதவர்களிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினான். பேச்சு வராமல் கூச்சப்பட்டவன், குத்தகைக்காரர்களைப் பேசியே மடக்கினான். “என் புள்ளைக்கு இப்பத்தான் பொறுப்பு வந்திருக்குது” என்று அம்மா திருஷ்டி சுற்றிப்போட்டாள். அவன் மனைவி மட்டும் ஒருமுறை, “அண்ணி, அவரு ராத்திரியில ரெண்டு மூணு மணி நேரம்தான் படுக்கறாரு. காலையில பார்த்தா துளி அசதி இல்ல” என்றாள். பயிர் வைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று நான் வாயை அடைத்துவிட்டேன். அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுசும் இருந்தது.

அதற்கு ஹைப்போமேனியா என்று பெயர். மேனியா என்றால் மனம் கட்டுக்கடங்காமல் பொங்குவது. மேனியா வந்தவர் தன்னைத் தெய்வம் என்றுகூடச் சொல்வார், கையிலிருப்பதை வாரி இறைப்பார். வாரக்கணக்கில் நீடிக்கும், பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டியிருக்கும். அதை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஹைப்போமேனியா அதற்கு ஒருபடி கீழே நின்றுவிடும். தூக்கம் குறையும், ஆனால் களைப்பு வராது. பேச்சு ஓடும், யோசனைகள் ஒன்றையொன்று முந்தும், செலவில் கை நிற்காது, சிலருக்குக் காமமும் எரிச்சலும் கூடும். இவை சேர்ந்தாற்போல் 4 நாளாவது நீடித்து, பார்ப்பவர்களுக்கே ஆள் மாறியிருப்பது தெரிந்தால் டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். வேலை நடக்கும், சந்தைக்குப் போவார், மொய் வைப்பார். அதனால்தான் யாரும் கேட்பதில்லை. நோயாளியே ஒத்துக்கொள்ள மாட்டார். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவர் என்றைக்கும் இருந்ததில்லையே!

எழுச்சி ஐந்தாறு வாரத்தில் வடிந்தது. 12 ஏக்கருக்கும் தண்ணீர் பாய்ச்ச ஆளும் பணமும் பற்றவில்லை, பாதிக் கொடி காய்ந்தது. கடன் தலைக்குமேல். ஆடி பிறந்தபோது தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். குளிக்கச் சொன்னால் குளிப்பதற்கே ஒரு மணி நேரம். கடன்தான் காரணம் என்று நினைத்தோம். கடன் ஒரு காரணம்தான். ஆனால் ஏறிய மனம் இறங்கும்போது தரையில் நிற்காமல் பள்ளத்தில் விழுவதுதான் இந்த நோயின் சுபாவம். இருமுனை மனநிலைக் கோளாறு, பைபோலார் என்கிறார்களே, அதில் இரண்டாம் வகை இது. இந்த வகைக்காரர்கள் மேலே இருக்கும் நாட்கள் கொஞ்சம். பள்ளத்தில் கிடக்கும் மாதங்கள்தான் அதிகம். தற்கொலை எண்ணம் வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அம்மா அவனை மேல்மலையனூருக்கு அழைத்துப் போனாள். அமாவாசை ராத்திரியில் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வரும் கூட்டத்தில் எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள், நடுவில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையோடு. அம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் இன்றும் போகிறாள். ஆனால் 3 அமாவாசை மருந்தில்லாமல் கழிந்ததற்கு நானும் பொறுப்பு.

பிறகு ஒரு டாக்டரிடம் காட்டினோம். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். மார்கழியில் அவன் இருந்த இருப்பை நாங்கள் சொல்லவில்லை. அது நல்ல காலம், அதை எதற்கு டாக்டரிடம் சொல்வது? மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலருக்கு மனம் எகிறிவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சில வாரத்தில் அவன் மறுபடி தூங்காமல் திரிந்தான். இந்த முறை சிரிப்பில்லை, தொட்டதற்கெல்லாம் சண்டை.

திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் போனால் விழுப்புரத்துக்கு முந்தின ஸ்டேஷன் முண்டியம்பாக்கம். அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி 2010 முதல் அங்கே இருக்கிறது. தம்பியை அங்கே அழைத்துப் போனோம். மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா, அவன் சோர்வைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இவர் ரொம்ப நல்லா இருந்த காலத்தைப் பத்திச் சொல்லுங்கம்மா” என்றார். தூக்கம் எத்தனை மணி நேரம், மறுநாள் அசதி இருந்ததா, பேச்சு எப்படி, பணம் எப்படி? நான் சொல்லச் சொல்ல எனக்கே புரிந்துகொண்டு வந்தது. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்றும் கேட்டார். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போன எங்கள் சித்தப்பாவை இருபது வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னோம். இந்த நோய் குடும்பவழியில் தொடர வாய்ப்புண்டு. கட்டாயம் வரும் என்றில்லை.

லித்தியம் எழுதிக் கொடுத்தார். மருந்தாகக் கொடுக்கும் லித்தியம் ஓர் உப்பு. மேனியா நோயாளிகளுக்கு அது கேட்பதை 1949இல் ஜான் கேட் என்கிற ஆஸ்திரேலிய டாக்டர் வெளியிட்டார். தற்கொலையைக் குறைப்பதில் அதற்கு இணையான மருந்துகள் குறைவு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி சின்னது. அதனால் ரத்தத்தில் அதன் அளவையும், கூடவே சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். எங்களுக்கு இதில் பெரிய பயம் வெயில்தான். பங்குனி, சித்திரையில் காட்டில் காய் அறுக்கிறவனுக்கு வேர்வையாக உப்பும் தண்ணீரும் போய்விடும். உடனே சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கை அதிகமாக நடுங்கினாலோ, வாந்தி பேதி கண்டாலோ, நடை தள்ளாடினாலோ, நாக்குக் குழறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதுகுவலிக்கு மெடிக்கலில் அவனாக மாத்திரை வாங்கக் கூடாது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் லித்தியத்தை ஏற்றிவிடும். வெயிலுக்குப் பானைத் தண்ணீர் வரப்பிலேயே இருக்கிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கில், பைபோலார் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். அந்த 70 பேரின் வீட்டிலும் யாரோ ஒரு மருமகள் “அவரு தூங்கறதே இல்ல” என்று சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்குப் படுகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்கள் 14416க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள்.

இப்போது தம்பி வீட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் அவன் தூங்கிய நேரத்தை அவன் மனைவி குறிக்கிறாள். வருஷம் முழுக்க 7, 7, 6, 8 என்று போகும். போன மாசியில் திங்கள் 5, செவ்வாய் 4, புதன் 3. அவள் எனக்குப் போன் போட்டாள், நான் பள்ளிக்கு லீவு எழுதினேன். வியாழக்கிழமை காலை வண்டியில் மூவரும் முண்டியம்பாக்கத்துக்குப் போனோம். “நல்லாத்தானே இருக்கேன், என்னை எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க?” என்று மயிலம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். விக்கிரவாண்டி வந்ததும் அவனே பையைத் திறந்து ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.