உங்களுக்குத் தெரியுமா? புற்றுநோய் மாத்திரையும் விழித்திரையும்

மார்பகப் புற்றுநோய்க்காக உலகெங்கும் பல லட்சம் பெண்கள் தினமும் விழுங்கும் டாமொக்சிஃபென் மாத்திரை, அரிதாகச் சிலரின் விழித்திரையைப் பாதிக்கிறது. கூர்மையான பார்வைக்குப் பொறுப்பான மாக்குலாவைச் சுற்றிப் பொடிப்பொடியாக மின்னும் துகள்கள் படிந்திருக்கும். 1978இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தபோது, நோயாளிகள் உட்கொண்ட அளவு மிக அதிகம். இன்று வழக்கமான அளவு நாளுக்கு 20 மில்லிகிராம்தான். ஆனாலும் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிட வேண்டிய மருந்து இது. துகள் ஏதும் தென்படாமலே மாக்குலாவில் நுண்ணிய குழிகள் விழலாம். விழித்திரையைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குத் தரும் டிராமெட்டினிப் வேறு விதம். சிலருக்கு விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது வற்றியும்விடும்.

இம்மருந்துகளை எடுப்பவராக இருந்தால், படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கணக்கு நோட்டின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு மறு கண்ணால். கோடு நெளிந்தாலோ நடுவே மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே வேண்டாம். புற்றுநோயைத் தடுத்து வைத்திருப்பது அதுதான்.

தலைகீழான சேதியும் உண்டு. 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப், இன்று துளியளவு ஊசியாகக் கண்ணுக்குள்ளேயே செலுத்தப்படுகிறது. முதுமையில் வரும் மாக்குலா சிதைவிலும் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை வீக்கத்திலும் பலரின் பார்வையை அது காப்பாற்றுகிறது.