‘டக்’ சத்தம் போதுமா?

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் நீளமான லாரிகளை நம் மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முன்னால் போகும் இழுவண்டியும் பின்னால் வரும் டிரெய்லரும் இரண்டு தனித்தனி வண்டிகள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. டிரெய்லருக்கு முன்பக்கம் சக்கரமே கிடையாது. அப்படியானால் அதன் முன்பாரத்தை எது தாங்குகிறது, எது பிடித்திருக்கிறது என்று பத்தாம் வகுப்பில் கேட்டால், “கொக்கி, டீச்சர்” என்றுதான் பதில் வருகிறது. அது கொக்கி அல்ல. ஓட்டுநர்கள் அதை ‘ஃபிப்த் வீல்’, அதாவது ஐந்தாம் சக்கரம் என்கிறார்கள்.

பெயர்தான் சக்கரமே தவிர அது உருளுவதில்லை. நான்கு சக்கரக் குதிரை வண்டியின் முன் அச்சு திரும்ப வேண்டும் என்பதற்காக, அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே படுக்கை வாட்டில் ஓர் இரும்பு வளையம் வைத்தார்கள். அதிலிருந்து வந்த பெயர் இது. பிறகு 1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு மர வியாபாரியின் படகை ஃபோர்டு காரின் பின்னால் இழுப்பதற்காக ஒரு வண்டி செய்து, அதற்கு ‘செமி டிரெய்லர்’ என்று பெயர் வைத்தார்.

நம் ஊரில் இந்த இணைப்பைக் கையாள்பவர்கள் தொழில்முறை ஓட்டுநர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரணக் குடும்பத்தினரும் கையாள்கிறார்கள். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கிய வீட்டு டிரெய்லரைத் தங்கள் பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். இணைப்பு, பிக்கப்பின் பின்தொட்டிக்குள் பின் அச்சுக்கு மேலாகவோ சற்று முன்னாலோ இருக்கும். டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு வரை அந்த ஓர் இடத்தில் அமர்கிறது. ஆண்டில் சில முறை மட்டுமே இதைச் செய்பவர்களுக்குக் கை பழகியிருக்காது. மாட்டியாயிற்று என்று நம்பி வண்டியை எடுக்க, டிரெய்லரின் முன்பாகம் தொட்டியின் பக்கச்சுவர்கள் மேல் விழுந்து அவற்றை நசுக்கிவிடும். யாராவது இடையில் கையை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதில் நல்ல அறிவியல் இருக்கிறது. டிரெய்லரின் அடியிலிருந்து ‘கிங் பின்’ என்ற தடித்த இரும்பு முளை ஒன்று கீழ்நோக்கி நீண்டிருக்கும். அதன் கழுத்து 2 அங்குல விட்டம், அதாவது 50.8 மி.மீ. கழுத்துக்குக் கீழே முளை மறுபடியும் அகன்று ஒரு விளிம்பாக முடிகிறது. வண்டியைப் பின்னோக்கி ஓட்டி வரும்போது ஐந்தாம் சக்கரத் தட்டின் பிளவுக்குள் முளை நுழைகிறது. உள்ளே இருக்கும் இரும்புத் தாடைகள் அதன் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்கின்றன. கழுத்தைப் பிடித்துவிட்டால் கீழ் விளிம்பு முளையை மேலே எழும்ப விடாது.

டிரெய்லர் சற்று அதிக உயரத்தில் நின்றிருந்தால் கதை மாறிவிடும். முளையின் கழுத்து தாடைகளுக்கு நேராக வராமல், விளிம்பு அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வண்டிகளும் சேர்ந்தே நிற்கும். சில நேரம் ‘டக்’ என்று சத்தமும் கேட்கும். வண்டியை எடுத்ததும் டிரெய்லர் நிலைமத்தால் பின்தங்குகிறது, முளை வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான், மாட்டுவதற்கு முன் டிரெய்லரின் அடித்தட்டு ஐந்தாம் சக்கரத் தட்டைவிடச் சிறிது தாழ்வாக இருக்கும்படி தாங்கு கால்களைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அப்போது வண்டி பின்னால் வர வர, டிரெய்லர் தட்டின்மேல் ஏறி அழுந்தி உட்காரும்.

மாட்டிய பிறகு கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு தட்டுகளுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. தாடைகள் கழுத்தைச் சுற்றி மூடியிருப்பதை டார்ச் அடித்துக் கண்ணால் காண வேண்டும். கைப்பிடி பூட்டு நிலைக்கு முழுதும் வந்திருக்க வேண்டும், அதன் காப்பு ஊசியும் செருகப்பட்டிருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவனின் அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர். “எங்கப்பா தினமும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் ஏறுவாரு டீச்சர்” என்றான். இந்தப் பாடத்தில் நான் சொன்ன எதையும்விட அந்த ஒரு வரியைத்தான் மற்ற பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பார்த்தாலும் போதாது, இழுத்துப் பார்க்க வேண்டும். இதன் வரிசைதான் என்னை மிகவும் கவர்ந்தது. டிரெய்லர் சக்கரங்களுக்கு வைத்த முட்டுக்கட்டைகளை எடுக்கக் கூடாது. தாங்கு கால்களைத் தரையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் தூக்க வேண்டும். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை மெதுவாக முன்னால் இழுக்க வேண்டும். இணைப்பு சரியாக இருந்தால் வண்டி நகராது. தவறாக இருந்தால் டிரெய்லர் தன் கால்களின் மேலேயே இறங்கிவிடும்.

இதைக் கணக்காகப் போட வைக்கலாம். 5000 கிலோ டிரெய்லர், அதில் 1000 கிலோ பாரம் முளையின்மேல் என்று கொள்வோம். தொட்டிச் சுவருக்கும் டிரெய்லருக்கும் 15 செ.மீ. இடைவெளி. கால்களை முழுதும் தூக்கிய பின் விழுந்தால் 1000 × 9.8 × 0.15 = 1470 ஜூல். சோதனையின்போது 2 செ.மீ. மட்டுமே விழுந்தால் 196 ஜூல். கூர்மையான மாணவர்கள், “மொத்த டிரெய்லரும்தானே விழுகிறது, 5000 கிலோ என்றல்லவா போட வேண்டும்?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். முளையில் ஐந்தில் ஒரு பங்கு பாரம் என்றால், திருப்புத்திறன் விதிப்படி ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து முளைவரையுள்ள தொலைவில் ஐந்தில் ஒரு பங்கில் இருக்கிறது. முன்முனை 15 செ.மீ. இறங்கினால் ஈர்ப்பு மையம் 3 செ.மீ.தான் இறங்கும். 5000 × 9.8 × 0.03. மறுபடியும் 1470. இரு வழியிலும் ஒரே விடை வருவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

விழுந்தாலும் சேதம் குறைவாக இருக்கும் நேரத்திலேயே சோதித்துவிடுவது என்பது இந்த வரிசையின் உட்பொருள். நாமும் பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்கிறோம். “புரிஞ்சுது டீச்சர்” என்று வகுப்பே சொல்கிறது. அதுவும் ஒரு ‘டக்’ சத்தம்தான் என்பது என் எண்ணம். ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்வதே இழுத்துப் பார்ப்பது. காலாண்டுத் தேர்வுவரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

டிரெய்லர் பிரிந்தால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் ஒரு மெல்லிய கம்பிக் கயிறும் உண்டு. அதை வண்டியின் உடலில் கட்ட வேண்டும், ஐந்தாம் சக்கரத்தில் கட்டக் கூடாது. ஐந்தாம் சக்கரமே பெயர்ந்து டிரெய்லரோடு போய்விட்டால் கயிறு இழுபடாமல் போகும். இது விழுவதைத் தடுக்கும் கருவி அல்ல, விழுந்த பின் உதவுவது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

கழற்றும்போது நேரும் விபத்து இன்னும் எளிமையானது: கால்களை இறக்க மறந்துவிட்டுக் கைப்பிடியை இழுத்து, வண்டியை எடுத்துவிடுவது. நடுவில் போன் வந்தாலோ யாராவது பேச்சுக் கொடுத்தாலோ விட்ட இடத்திலிருந்து தொடராமல், முட்டுக்கட்டையிலிருந்து மறுபடி தொடங்குவதே பாதுகாப்பு.

வகுப்பறையில் இதைச் செய்துகாட்டத் தலை அகன்ற ஓர் ஆணி, இரண்டு அட்டைப்பெட்டிகள், துணி மாட்டும் கிளிப் ஒன்று போதும். ஆணியை ஒரு பெட்டியின் அடியில், தலை கீழே இருக்கும்படி பொருத்துங்கள். மற்றப் பெட்டியின் மேல் கிளிப்பை ஒட்டுங்கள். முதல் முறை கிளிப் ஆணியின் கழுத்தைப் பிடிக்கட்டும். அடுத்த முறை ஆணித்தலை கிளிப்பின் மேலேயே உட்காரட்டும். இரண்டையும் துணியால் மூடி, எது சரியாக மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். என் வகுப்பில் சிறிது நேரம் வாதம் நடந்தது. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து, துணியை எடுக்காமலேயே பெட்டியை மெல்ல இழுத்துப் பார்த்தாள்.