அரை மில்லி நொடியில் முடியும் ஆட்டம்

ஒரு கோல்ஃப் பந்தை ஓங்கி அடிக்கும்போது மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி நொடி. ஒரு நொடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. மட்டை பட்ட உணர்வு கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருமுன் பந்து கிளம்பிவிட்டிருக்கும். அதன் பிறகு உடம்பை வளைத்தாலும் மணிக்கட்டைத் திருப்பினாலும் அதன் போக்கு மாறாது.

45.93 கிராமுக்கு மேல் எடையும் 42.67 மில்லிமீட்டருக்குக் குறைவான விட்டமும் இருக்கக்கூடாது என்று விதி வகுத்த அந்தச் சிறிய பந்துக்கு, ஆடுபவர் எப்படி நின்றார், எவ்வளவு அழகாக வீசினார் என்பதெல்லாம் தெரியாது. மட்டையின் முகம் எந்தத் திசையைப் பார்த்தது, மட்டை எந்தப் பாதையில் எவ்வளவு வேகத்தில் வந்தது, முகத்தின் எந்த இடத்தில் பந்து பட்டது ஆகியவற்றை வைத்தே அது பறக்கிறது. வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு இது நல்ல செய்தி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்த அரை மில்லி நொடியில் என்ன நடந்தது என்பதைப் பந்தே பறந்து காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு எதைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆட்டத்தில் முன்னேற நினைப்பவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்பவை வலக்கை ஆட்டக்காரர்களுக்கானவை. இடக்கைக்காரர்கள் திசைகளை மாற்றிக்கொள்ளலாம்.

முகமும் பாதையும்

மட்டை வீசப்படும் பாதையில்தான் பந்து கிளம்புகிறது, மட்டையின் முகம் பார்க்கும் திசையில் போய் விழுகிறது என்றே பல பத்தாண்டுகளாகப் பாடம் சொல்லப்பட்டது. டென்மார்க்கின் டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் பயிற்சிக் களங்களுக்கு வந்த பிறகு நிலைமை தலைகீழ் என்று தெரிந்தது. பந்து கிளம்பும் திசையை முக்கால் பங்குக்கு மேல் தீர்மானிப்பது மட்டையின் முகம். நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரில் அது 85 விழுக்காட்டை நெருங்குகிறது. பாதையின் பங்கு வேறு இடத்தில் தெரியும். பாதைக்கு எந்தப் பக்கமாக முகம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமாகப் பந்து வளையும்.

புதிதாக ஆடுபவர்களை மிகவும் வாட்டுவது 'ஸ்லைஸ்'. நேராகவோ இடப்புறமாகவோ கிளம்பும் பந்து, பாதி வழியில் வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். பந்து நேராகக் கிளம்பியிருந்தால் முகம் இலக்கைத்தான் பார்த்திருக்கிறது. வலப்புறம் வளைந்ததால், மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இதை அறியாதவர் அடுத்த முறை இன்னும் இடப்புறமாகத் திரும்பி நிற்பார். பாதை மேலும் இடப்புறம் போகும், முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான கோணம் கூடும், பந்து முன்னைவிட அதிகமாக வளையும். மருந்தே நோயை வளர்க்கிறது.

இதற்குத் தீர்வு பிடியில் தொடங்குகிறது. மட்டையைப் பிடித்தபின் குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் முகம் திறந்தபடி, அதாவது வலப்புறம் பார்த்தபடி, பந்திடம் வரும் வாய்ப்பு அதிகம். அடுத்தது நிற்கும் நிலை. பயிற்சிக் களத்தில் இலக்கை நோக்கி ஒரு குச்சியைத் தரையில் வையுங்கள். பாதம், இடுப்பு, தோள் மூன்றும் அதற்கு இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதத்தைச் சரியாக வைத்துத் தோளை மட்டும் இடப்புறம் திறந்து நிற்பவர்கள் ஏராளம். பிறகு பந்துக்கு ஒரு சாண் பின்னால், உங்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக மட்டையின் தலையுறை ஒன்றை வைத்துவிட்டு அதைத் தொடாமல் பந்தை அடித்துப் பழகுங்கள். வெளியிலிருந்து வெட்டினால் உறை தட்டப்படும். உள்ளிருந்து வந்தால் அது அசையாது.

பந்தை மேலே தூக்க வேண்டியதில்லை

1848-ஐ ஒட்டி, மலேயாக் காடுகளின் ஒருவகை மரப்பாலிலிருந்து எடுத்த கட்டாபெர்ச்சாவால் கோல்ஃப் பந்துகள் செய்யப்பட்டன. வழவழப்பான புதுப் பந்துகளைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகள் நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். பந்து செய்பவர்கள் சுத்தியலால் கொத்தியே விற்கத் தொடங்கினார்கள். 1905-இல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர், பந்தின் மேல் சிறு குழிவுகளை வரிசையாக அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பந்துகளில் பெரும்பாலும் 300 முதல் 500 குழிவுகள் உள்ளன.

அந்தக் குழிவுகள் பந்தை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டே போவதால், பந்துக்குப் பின்னால் இழுவிசையை உண்டாக்கும் சுழல் பகுதி சிறுத்துவிடுகிறது. குழிவில்லாத பந்து இன்றைய தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் போகும்.

இன்னொரு பாதிக் காரணத்தை எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890-களில் கண்டறிந்தார். அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றவர். பந்து அவ்வளவு நேரம் காற்றில் நிற்பதற்கு அடித்த வேகம் மட்டும் போதாது, பின்னோக்கிய சுழற்சி அதை மேலே தாங்குகிறது என்று டெய்ட் கணக்கிட்டுக் காட்டினார். சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. சுழலும் அச்சு ஒருபக்கம் சாய்ந்தால் அந்தத் தாங்கும் விசையும் சாய்ந்து பந்து வளைகிறது. ஸ்லைஸின் இயற்பியலும் இதுதான்.

இதிலிருந்து ஆடுபவர் பெற வேண்டிய பாடம் பெரியது. சுழற்சியைத் தருவது மட்டை முகத்தின் சாய்வு. டிரைவரின் சாய்வு பத்துப் பாகையளவு, அயர்ன் எனப்படும் இரும்பு மட்டைகளில் ஏழாம் எண்ணின் சாய்வு முப்பது பாகையை ஒட்டி, மணற்குழிக்கான வெட்ஜின் சாய்வு 54 முதல் 56 பாகை. பந்தை உயர்த்தும் வேலையை இந்தச் சாய்வே செய்துவிடும். பலர் தாங்களே தூக்கிவிட வேண்டும் என்று எண்ணி, எடையைப் பின்காலில் வைத்து, மணிக்கட்டால் பந்தைக் கரண்டியால் அள்ளுவதுபோல் அள்ளுகிறார்கள். மட்டை பந்துக்கு முன்பே தரையில் இடிக்கிறது, அல்லது பந்தின் தலையில் பட்டு அது தரையோடு ஓடுகிறது.

தரையிலுள்ள பந்தை அயர்னால் அடிக்கும்போது மட்டை இறங்கிக்கொண்டே வந்து முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொட வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் பெயர்க்கும் புல் பத்தை பந்து இருந்த இடத்துக்கு முன்னால்தான் தொடங்கும். இதற்கான பயிற்சிக்குப் பந்துகூடத் தேவையில்லை. தரையில் ஒரு கோடு கிழித்து, அதைப் பந்தாக எண்ணி வீசுங்கள். மட்டை பட்ட தடம் கோட்டின் இலக்குப் பக்கமாக விழ வேண்டும். எடை முன்காலுக்கு மாறாவிட்டால் அப்படி விழாது. டிரைவர் மட்டும் விலக்கு. டீ என்னும் சிறு முளையின் மேல் உயர்த்தி வைத்த பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து, மட்டை மேலேறத் தொடங்கும்போது அடித்தால் அதிக தூரம் கிடைக்கும்.

நடுவில் படுவது முதல்

சராசரி ஆண் அமெச்சூர் டிரைவரை வீசும் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. நடுவில் சரியாகப் பட்டால் பந்து மட்டையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். ஓரத்தில் பட்டால் மட்டை திருகிக்கொள்ளும், வேகம் குறையும், பந்துக்கு வேண்டாத சாய்வுச் சுழற்சியும் சேரும். நுனியில் பட்ட பந்து இடப்புறமாகவும், பிடிப்பக்கம் பட்ட பந்து வலப்புறமாகவும் வளையும். எனவே வீச்சைக் குறை சொல்வதற்கு முன் பந்து எங்கே பட்டது என்று பாருங்கள். மட்டையின் முகத்தில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை மெல்லிதாகத் தெளித்தால் ஒவ்வொரு அடியின் தடமும் பதியும். முழு பலத்தையும் சேர்க்காமல், அடித்து முடித்தபின் பந்து விழும்வரை தள்ளாடாமல் நிற்க முடிகிற வேகத்தில் வீசுங்கள். தடங்கள் நடுவில் கூடத் தொடங்கும்போது தூரமும் தானே கூடும்.

அடிகள் எங்கே வீணாகின்றன?

டிரைவர் வெறும் காட்சிக்கு, வெற்றி பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரில்தான் என்ற நம்பிக்கை கோல்ஃப் உலகில் நெடுங்காலம் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறைப் போட்டிகளில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து அதைச் சோதித்தார். தேர்ந்தவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் உருவாகிறது என்று கண்டார். அமெச்சூர்களுக்கும் இது பொருந்துகிறது. சிறு அடிகளைப் புறக்கணிக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. நெடுந்தூர அடிகளில் நேரும் பெரும் பிழைகளைத் தவிர்ப்பதுதான் அடிகளின் எண்ணிக்கையை விரைவாகக் குறைக்கும் வழி.

எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ஓர் அடி தண்டனை உண்டு, அடித்த தூரமும் போய்விடும். ஆகவே ஒருபக்கம் எல்லைக்கோடு இருக்கும் இடத்தில் இலக்கை அதிலிருந்து விலக்கி வையுங்கள். குழியைச் சுற்றிய புல்பரப்பான கிரீனை நோக்கி அடிக்கும்போது, ஓரத்தில் நட்ட கொடியை விட்டுவிட்டு நடுவைக் குறிவையுங்கள். எவருடைய அடியும் ஒரே புள்ளியில் விழுவதில்லை, ஒரு பரப்பில்தான் சிதறுகிறது. அந்தப் பரப்பு முழுவதும் பாதுகாப்பான இடத்தில் அமையுமாறு குறிவைப்பதே அறிவான ஆட்டம்.

ஒவ்வொரு மட்டையும் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தங்கள் மிகச் சிறந்த அடியை வைத்துக் கணக்கிடுவதும் பரவலான பிழை. பத்துப் பந்துகளை அடித்து, நடுத்தரமாக விழுந்தவற்றின் தூரத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விதி 14 மட்டைகளை அனுமதித்தாலும் தொடங்குபவருக்கு ஏழெட்டுப் போதும். அவற்றின் தூரங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். இடமும் கணக்கை மாற்றும். கடல்மட்டத்தை ஒட்டிய கிண்டியில் ஆடிப் பழகியவர் 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டிக்குப் போனால், மெலிந்த காற்றில் இழுவை குறைந்து பந்து எட்டு விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகப் போகும். 150 கஜ அடி அங்கே 160 கஜத்தைத் தாண்டும்.

மணலும் குழியும்

மணற்குழியான பங்கரில் பந்து கிடந்தால் நெஞ்சு படபடப்பவர்கள் ஜீன் சாரஸனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மட்டைகளின் மெல்லிய விளிம்பு மணலுக்குள் புதைந்துவிடும். அவர் மட்டையின் அடியில் ஈயம் சேர்த்துப் பருத்த அடிப்பாகம் உண்டாக்கி, 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அந்த அடிப்பாகம் மணலில் புதையாமல் வழுக்கிச் செல்லும். எனவே முகத்தைச் சற்றுத் திறந்து, பந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மணலை அடித்து, வீச்சை நிறுத்தாமல் முடியுங்கள். மட்டை பந்தைத் தொடவே வேண்டாம். மணல் அதை வெளியே கொண்டுவந்து போடும்.

கிரீனில் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து உருட்டும்போது மட்டையின் முகம் ஒரே ஒரு பாகை விலகினாலும் பந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப்போய்க் குழியின் விளிம்பை எட்டிவிடும். பந்துக்குச் சற்று முன்னால் இரண்டு டீக்களை வாசல்போல் ஊன்றி, பந்தை அவற்றைத் தொடாமல் அனுப்பிப் பழகினால் முகம் நேராகும். நெடுந்தூர உருட்டலில் திசையைவிட வேகமே முக்கியம். நாசாவில் பணியாற்றிய இயற்பியலாளர் டேவ் பெல்ஸ், தவறிய பந்து குழியைத் தாண்டி 43 சென்டிமீட்டரில் நிற்கும் வேகமே சிறந்தது என்று கண்டார். தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி தொலைவிலிருந்து பாதி முறைதான் குழியில் போடுகிறார்கள். அந்தத் தூரத்தில் தவறவிட்டதற்காக யாரும் மனம் தளர வேண்டியதில்லை.

பழகும் முறை

ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கி ஐம்பது பந்துகளை அடித்தால், கடைசிப் பந்துகள் அழகாகப் போகும். ஆனால் அந்த அழகு ஆட்டத்துக்கு வந்து சேர்வதில்லை. மைதானத்தில் அடுத்தடுத்து ஒரே அடியை யாரும் அடிப்பதில்லை. மாற்றி மாற்றிப் பழகும் திறன்தான் பின்னாளில் நிலைக்கிறது என்று உடலியக்கக் கற்றலை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். புதிய அசைவைப் பழகும் முதல் சில நாட்களுக்குத் திரும்பத் திரும்ப அடிக்கலாம். பிறகு ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றுங்கள்.

சுற்று முடிந்ததும் மதிப்பெண்ணோடு நான்கு குறிப்புகளை எழுதுங்கள்: எத்தனை தண்டனை அடிகள், கிளம்பிய பந்துகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் வளைந்தன, தரையை முதலில் இடித்தது எத்தனை முறை, மூன்று முறை உருட்ட நேர்ந்த குழிகள் எத்தனை. நான்கைந்து சுற்றுகளில் உங்கள் ஆட்டத்தின் ஓட்டை எங்கே என்று அந்தத் தாள் காட்டிவிடும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்துங்கள், மற்றவை காத்திருக்கட்டும். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டை வைத்தே ஒருவரின் தரத்தைக் கணக்கிடுகிறது. மோசமாகப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தரத்தைக் குலைத்துவிடாது. தொடர்ந்து திருத்திக்கொள்பவருடைய உழைப்பு அந்த எட்டுச் சுற்றுகளில் கட்டாயம் தெரியும்.