கல்லில் வடித்த பொய்

பொய்க்கு உருவம் இல்லை. அதனைக் கல்லில் காட்டுவது எங்ஙனம்? பொய் எப்போதும் மெய்யின் ஆடையை அணிந்தே வரும் என்பதை நம் சிற்பிகள் நன்கு உணர்ந்திருந்தனர். அவர்கள் படைத்த மூன்று சிற்பங்களை இங்குக் காண்போம்.

மாமல்லபுரத்தில், 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்குவித்த பெரும் பாறைச் சிற்பத்தில், முனிவர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் புரிகிறார். அதே பாறையின் கீழ்ப்பகுதியில் பூனை ஒன்றும் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தியிருக்கிறது. அதனைச் சூழ எலிகள்! மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இக்கதை வருகிறது. கங்கைக் கரையில் தவக்கோலம் பூண்ட பூனையை எலிகள் நம்பின. நாளடைவில் எலிகள் குறைந்தன, பூனையோ கொழுத்தது. இதனைக் கவனித்த எலிகளே உயிர் தப்பின.

நமது அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் சாவகத் தீவில், 9ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானான் சிவாலயத் திருச்சுற்றில் இராமாயணக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இராமபிரானின் அம்பு பட்ட பொன்மானிடமிருந்து மாரீசனின் அரக்க உருவம் வெளிப்படுவதை அங்குக் காணலாம். சீதாப்பிராட்டியிடம் இராவணன் வந்ததும் அந்தணர் வேடத்திலேயாம்.

மூன்றாவது சிற்பம் நாம் அடிக்கடி வலம் வருவதாகும். ஆகம முறைப்படி அமைந்த சிவாலயங்களில், கருவறையின் பின்புறச் சுவரில் இலிங்கோத்பவர் எழுந்தருளியிருப்பார். நெருப்புத் தூணாய் நின்ற பெருமானின் அடியைத் தேடித் திருமால் பன்றியாய் நிலத்தை அகழ்கிறார். முடியைத் தேடி நான்முகன் அன்னமாய் மேலே பறக்கிறார். காணாத முடியைக் கண்டதாக நான்முகன் கூற, தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. அதனால் சிவபூசையில் இடம்பெறும் பேற்றை அம்மலர் இழந்தது என்பது புராணம். சிற்பத்தை உற்று நோக்குங்கள்! அன்னம் இன்னும் பறந்துகொண்டே இருக்கிறது. சொன்ன பொய் காற்றோடு போயிற்று. நடந்த உண்மையே கல்லில் நிலைத்தது.

மெய்யன்பர்களே! திருவிழாக் காலங்களில் நெற்றியில் நீறும் கையில் ரசீதுப் புத்தகமுமாகக் கோயிலின் பெயரால் பணம் திரட்ட வருவோர் உண்டு. அவருள் மெய்யடியாரும் இருப்பர்; பூனைத் தவத்தாரும் இருப்பர். தோற்றத்தை மட்டும் கொண்டு இருவரையும் பிரித்தறிதல் அரிது. ஏமாற்றுவோர் சிலர் இருப்பதால் கொடுக்கும் கையை மடக்கிக்கொள்வதும் தகாது. அதனால் துன்புறுவோர் ஏழை மாணவரும் ஆதரவற்ற முதியோருமே.

ஆகவே, எலிகளை எண்ணிப் பார்த்ததுபோல் நாமும் எண்ணிப் பார்ப்போம். உபயம் அளிப்போர் முறையான ரசீது கேட்பதும், ஆண்டுக் கணக்கைப் படித்து வினவுவதும் பக்திக் குறைவு ஆகா. அவை அறத்திற்கு இடும் வேலியாகும். கேட்கும் அன்பரிடம் முகம் கோணாது கணக்குக் காட்டுவது, பொறுப்பில் உள்ள எங்களைப் போன்றோரின் கடமையாகும்.

மெய்யே வடிவான இறைவன் நம் அனைவரையும் காத்தருள்வானாக!