‘கியர் மாறவில்லை’: ஒரு தொடருக்குள் ஐந்து பழுதுகள்

பழைய காடி வைத்திருப்போர் பழுதுபார்க்கும் பட்டறைக்குள் நுழைந்ததும் சொல்லும் முதல் தொடர் பெரும்பாலும் ஒன்றே: “கியர் மாறவில்லை.” வண்டி நான்கு சக்கர இழுவை உடைய பழைய மலைவண்டியாகவும், அதன் கியர் பெட்டி தானியங்கியாகவும் இருப்பின், அத்தொடருக்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: “பெட்டியை மாற்ற வேண்டும்.” இவ்விரு தொடர்களுக்கும் இடையே சில ஆயிரம் ரிங்கிட் நிற்கிறது. அந்த இடைவெளியில் மொழிக்கும் ஒரு வேலை உண்டு என்பதைக் காஜாங் பட்டறை ஒன்றில் நாம் கற்றோம். அதனையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒரு சொல். மலேசியத் தமிழர் வண்டி பழுதுபார்ப்பவரைப் ‘போமேன்’ என்கிறோம். மலாயிலும் அச்சொல் வழங்குகிறது. ‘ஃபோர்மேன்’ என்னும் ஆங்கிலச் சொல் வேலையாட்களை மேற்பார்க்கும் தலைவனைக் குறிப்பது. இந்நாட்டிலோ திருகுச்சாவியைக் கையில் எடுத்தவர் அனைவரும் போமேன்தான். பொருள்மாற்றத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர்கள் அகராதியைப் புரட்டுமுன் அருகிலுள்ள பட்டறைக்குச் செல்லலாம்.

ஆனால் ‘கியர் விழவில்லை’, ‘கியர் மாறவில்லை’ என்னும் வழக்குகள் அவ்வளவு தீங்கற்றவை அல்ல. கையால் மாற்றும் வண்டிகளின் காலத்தில் தோன்றியவை அவை. அங்கே கோலை நகர்த்தினால் உள்ளே ஒன்று உண்மையாகவே நகர்ந்து இன்னொன்றோடு பொருந்தும். தானியங்கிப் பெட்டியில் அவ்வாறு எதுவும் விழுவதில்லை. அதனுள் இருப்பவை கோள் பல்லிணைத் தொகுதிகள். நடுவில் ஒரு சக்கரம், அதனைச் சுற்றிச் சிறு சக்கரங்கள், வெளியே பல் வைத்த ஒரு வளையம். இவற்றின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கின்றன. எந்த உறுப்பைப் பிடித்து நிறுத்துகிறோம், எதனைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே வேகவிகிதம் அமைகிறது. பிடிக்கும் வேலையைக் கிளட்ச் தட்டுகளும் பட்டைகளும் செய்கின்றன. அவற்றை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். ஆகவே இங்கு மாறுவது பல் அன்று, பிடி. ஒரு பிடி தளர, மறுபிடி இறுகுகிறது. நம் கலைச்சொற் பட்டியல்களில் காணும் ‘பல்லிணை’ பொருளுக்கு ஏற்ற பெயர்தான்; நிகழ்ச்சிக்குப் பொருந்தாது.

பிடி என்று சொல்லத் தொடங்கியவுடன் ‘கியர் மாறவில்லை’ என்னும் ஒற்றைத் தொடர் ஐந்தாகப் பிரிகிறது.

பிடி தாமதித்தல் ஒன்று. கோலை N நிலையிலிருந்து D நிலைக்குக் கொண்டுவந்த பின் வண்டி சற்று யோசித்துவிட்டு நகர்வது. நல்ல நிலையிலுள்ள பெட்டி ஏறத்தாழ 1.2 நொடிக்குள்ளும், பின்னோக்கிய R நிலைக்கு 1.5 நொடிக்குள்ளும் பிடிக்க வேண்டும் என்பது ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றிற்குக் கையேடுகள் தரும் அளவு. கைக்கடிகாரம் போதும், எவரும் அளந்து பார்க்கலாம். எண்ணெய் குறைந்திருந்தாலோ, உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பான்கள் முதுமையால் விறைத்திருந்தாலோ இது நேரும்.

வழுக்குதல் மற்றொன்று. இயந்திரச் சுழற்சி ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. அதிர்தல் மூன்றாவது; மாறும்போது முதுகில் ஓர் இடி. நான்காவது நேரந்தவறுதல்: மாற்றம் நிகழ்கிறது, ஆனால் மிக முந்தியோ மிகப் பிந்தியோ நிகழ்கிறது. ஐந்தாவதே மாறாமை, அதாவது ஒரே கியரில் நின்றுவிடுதல். ‘மாறவில்லை’ என்னும் சொல் இந்த ஐந்தாவதற்கு மட்டுமே உரியது. எஞ்சிய நான்கிற்கும் அதனையே இரவல் கொடுத்துவிட்டோம்.

நேரந்தவறுதலுக்கும் அதிர்தலுக்கும் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் காரணமாவது ஒரு மெல்லிய கம்பிவடம். ஓட்டுநர் எரிபொருள் மிதியை எவ்வளவு அழுத்துகிறார் என்ற செய்தியைப் பெட்டிக்குக் கொண்டு செல்வது அதுவே. வடம் தொய்ந்தால் அழுத்தம் குறைகிறது. மாற்றம் மென்மையாகவும் வழுக்கலாகவும் அமைந்து தட்டுகள் தேய்கின்றன. மென்மையாக இருப்பதனால் உரிமையாளர் மகிழ்ச்சியோடு ஓட்டிக்கொண்டிருப்பார் என்பதுதான் இதிலுள்ள அவலம். வடம் அளவுக்கு மீறி இறுகினால் மாற்றம் முரட்டுத்தனமாகிறது. சரிசெய்யக் கால் மணி நேரம் போதும்.

இனி எண்ணெய். இது சற்று விரித்துப் பேசத்தக்கது. நம் நிலத்தின் வெப்பமும் ஆறுகளும் இதில் கலந்திருக்கின்றன. தானியங்கிப் பெட்டியின் எண்ணெய் உராய்வைத் தணிப்பதோடு நில்லாது, ஆற்றலைக் கடத்துகிறது, அழுத்தம் தருகிறது, வெப்பத்தையும் சுமந்து செல்கிறது. புதிதில் சிவப்பாக இருக்கும். பழுப்பாகிக் கருகிய வாடை வீசினால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால்போல் கலங்கியிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. நீர் புகும் வழிகள் இரண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் இவ்வெண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. அது அரிக்கப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். மற்றொன்று மலைவண்டிக்கே உரியது. பெட்டி மூச்சு விடுவதற்குச் சிறு குழாய் ஒன்று உண்டு. மேடேறிச் சூடான பெட்டியோடு வண்டி குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. குழாயின் வாய் நீருக்குள் இருந்தால் ஆற்றுநீரையே உறிஞ்சிக்கொள்கிறது. கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு காகித இழையால் ஆகி, பசையால் ஒட்டப்பட்டது. நீர் அப்பசையை விடுவித்துவிடும். பால்நிற எண்ணெயோடு மேலும் ஓட்டுவது கூடாது.

எண்ணெயின் அளவைப் பார்ப்பதிலும் ஒழுங்கு உண்டு. வண்டி சூடேறியிருக்க வேண்டும், சமதரையில் நிற்க வேண்டும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கோல் P நிலையிலா N நிலையிலா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டைப் பார்ப்பதே முறை. மிகுதியாக ஊற்றுவதும் தவறே. எண்ணெய் நுரைக்கும், நுரைக்கு அழுத்தம் தரும் வலிமை இல்லை.

இனி நம் மைத்துனரின் வண்டிக்கு வருவோம். ஹுலு லங்காட்டில் அவருக்குச் சிறியதொரு டுரியான் தோட்டம் உண்டு. பழம் விழும் பருவத்தில் செங்குத்தான மண்பாதையில் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டும். வழியில் ஓர் ஓடையையும் கடக்க வேண்டும். 1990களில் செய்யப்பட்ட தானியங்கி மலைவண்டி அவருடையது. ஒரு பருவத்தின் நடுவில் அது மேடேற மறுத்தது. பட்டறை ஒன்றில் “கியர் மாறவில்லை, வண்டி இழுக்கவில்லை” என்றார். தட்டுகள் வழுக்குகின்றன, பெட்டி போய்விட்டது, ஹாஃப்கட் கடையிலிருந்து பழைய பெட்டியொன்றை வாங்கிப் பொருத்தலாம் என்று விடை வந்தது. அவர்கள் சொன்ன தொகை அப்பருவத்தின் வருவாயை விழுங்கக்கூடியது. வண்டியைப் பழைய இரும்புக்கே போட்டுவிடலாமா என்று அவர் எண்ணத் தொடங்கியிருந்தார்.

காஜாங்கில் வயதான தமிழ்ப் போமேன் ஒருவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். அவர் வண்டியைத் தொடவில்லை, கேட்கத் தொடங்கினார்.

“அண்ணே, காலையில எடுத்த உடனேயே இப்படியா, சூடு ஏறினப்புறமா?”

“எடுத்த உடனேயே.”

“மிதிச்சா எஞ்சின் கத்துதா, இல்ல முனகுதா?”

மைத்துனர் சற்றுத் திகைத்து, “முனகுது” என்றார்.

“ஓடையில எறங்குன பிறகா, முன்னாடியே இருந்துச்சா?”

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அவற்றுள் ‘இதுவோ அதுவோ’ என இரண்டை முன்வைத்துக் கேட்பது ஐயவினா. வகுப்பறையில் ‘பாம்போ கயிறோ’ என்று சொல்லிக் கடந்துவிடும் அவ்விலக்கணம் வேலை செய்வதை அன்று கண்டோம். முதற் பட்டறையில் “என்ன கோளாறு?” என்று மட்டுமே கேட்டிருந்தனர். அது அறியாவினா, அதற்கு உரிமையாளர் தம்மிடம் இருக்கும் ஒரே தொடரைத்தான் விடையாகத் தருவார். ஐயவினாவோ விடையளிப்பவருக்கு அவரிடம் இல்லாத சொற்களையும் சேர்த்துக் கொடுக்கிறது.

‘கத்துதல்’, ‘முனகுதல்’ என்னும் இரு சொற்களில் பழுதின் பாதி வெளிப்பட்டுவிட்டது. தட்டுகள் வழுக்கினால் இயந்திரம் கத்தும். சுழற்சிமானியின் முள் மேலே பாயும். முனகினால் முள் தாழ்ந்தே நிற்கும். அதாவது பிடி வழுக்கவில்லை. உறுதியாகவே இருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது தவறான கியர். மிதிவண்டியில் பெரிய பல்சக்கரத்தில் சங்கிலியை வைத்துக்கொண்டு மேடேற முயல்வது போன்றது. உரிமையாளருக்கு இரண்டும் ‘இழுக்கவில்லை’தான்.

அடுத்து அவர் செய்தது ஓர் ஆய்வு. அதனை விளங்கிக்கொள்ள அப்பெட்டியின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். 1987 முதல் 2001 வரை வந்த ஜீப் செரோக்கிகளில் பொருத்தப்பட்ட ஐசின் வார்னர் நான்கு வேகப் பெட்டியே இவ்வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மைத்துனரின் வண்டியிலும் அவ்வினப் பெட்டியே இருந்தது. அதில் நான்கு கியர்களையும் தேர்வது இரண்டே மின்காந்த வால்வுகள். முதல் கியரில் முதல் வால்வுக்கு மட்டும் மின்சாரம், இரண்டாவதில் இரண்டுக்கும், மூன்றாவதில் இரண்டாம் வால்வுக்கு மட்டும், நான்காவதில் எதற்கும் இல்லை.

மொழியியல் மாணவர்க்கு இது புதிதன்று. முன்னுயிர் என்னும் கூறு, நெடில் என்னும் கூறு ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதற்கூறு மட்டும் இருந்தால் இ. இரண்டும் இருந்தால் ஈ. இரண்டாவது மட்டும் இருந்தால் ஊ. இரண்டும் இல்லையேல் உ. இரண்டு கூறுகள், நான்கு ஒலிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது ஒரே ஒரு கூறுதான் மாறுகிறது என்பதையும் நோக்குக. ஒருவர் நெடிலை இழந்துவிட்டால் இ, இ, உ, உ என்றுதான் ஒலிப்பார். அதுபோலவே இரண்டாம் வால்வு செத்துவிட்டால் வண்டி முதல் கியரிலேயே நெடுநேரம் கத்திவிட்டு நேராக நான்காவதற்குத் தாவும். முதல் வால்வு செத்தால் முதல் இரண்டு கியர்களும் கிட்டா. எந்தெந்தக் கியர்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே எந்த வால்வு என்று சொல்லிவிடலாம்.

மின்சாரமே இல்லையெனில்? D நிலையில் நான்காவது கியர். ஓடும் வண்டி திடீரெனத் தாழ்ந்த கியருக்கு இறங்கிச் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதிருக்க இவ்வமைப்பு உதவுகிறது. ஆனால் கோலை 3 என்னும் நிலையில் வைத்தால் மூன்றாம் கியரும், 1-2 நிலையில் வைத்தால் முதல் கியரும், மின்சாரத்தின் துணையின்றி, எண்ணெயின் வழியாகவே பிடிக்கும்.

போமேன் கட்டுப்பாட்டுக் கணினியின் ஃபியூஸைப் பிடுங்கினார். கோலைக் கையால் மாற்றி ஓட்டினார். 1-2 நிலையில் வண்டி துள்ளிப் புறப்பட்டது. 3 நிலையில் மூன்றாவது பிடித்தது. D நிலையில் பழைய முனகல். பின்னோக்கியும் சென்றது. மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது இது. ‘மரம்’, ‘மறம்’ என்னும் இணையில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பொருள் வேறுபடுவதைக் கொண்டு ர, ற இரண்டும் வெவ்வேறு ஒலியன்கள் என நாம் நிறுவுவதும் இவ்வாறே. தட்டுகளும் எண்ணெய்ப் பாதைகளும் நலமாக இருக்கின்றன. கெட்டது மின்சாரத்தின் பக்கம். பெட்டியைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

வண்டியின் அடியில் படுத்துப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்த மின் இணைப்பியைக் கழற்றினார். ஓடைநீர் புகுந்து அதன் ஊசிகள் பச்சைப் பாசிபோல் களிம்பேறிக் கிடந்தன.

எல்லா வண்டிக்கும் முடிவு இவ்வாறு அமையும் என்று கூறுவதற்கில்லை. எண்ணெய் கருகி, எந்நிலையிலும் வழுக்கும் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். அதே போல், பெட்டிக்குச் சற்றும் தொடர்பில்லாதவையும் அதன்மேல் பழிபோடும். துணைப் பெட்டிக் கோல் 4L நிலையிலேயே மறந்து விடப்பட்டிருந்தால் வண்டி எல்லாக் கியரிலும் கத்திக்கொண்டு ஊரும். விருப்பப்படி இணைக்கும் நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலையில் இணைத்தபடியே திரும்பினால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கி உதைக்கும். அதுவும் கியரின் இடி போலவே தோன்றும். 1998இல் வந்த நம் நாட்டுப் பெரோடுவா கெம்பாரா போன்ற நிலையான நான்கு சக்கர இழுவை வண்டிகளில் நடுவே வேறுபாட்டுப் பல்லிணை இருப்பதால் இத்தொல்லை இல்லை. தேய்ந்த இணைப்பு மூட்டு, கிழிந்த ரப்பர்த் தாங்கி, அளவுக்கு மீறிய ஓய்வுச் சுழற்சி ஆகியனவும் D நிலைக்குக் கொண்டுவரும்போது இடியைத் தரும். இவற்றைப் பார்த்து முடித்த பின்னரே பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

இணைப்பியின் ஊசிகளைத் துலக்கி, நீர்புகாப் பசை தடவி, மீண்டும் பொருத்தினார். எண்ணெய்க் கோலை உருவி நிறம் பார்த்தார், சிவப்பாகவே இருந்தது. மூச்சுக் குழாயை மட்டும் ரப்பர்க் குழாயால் நீட்டி, இயந்திர அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டினார். அன்று மாலை ஜெலுபு செல்லும் கெந்திங் பெராஸ் மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மைத்துனர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார்.