காளான் கேப்சூலும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள நம் அறக்கட்டளைக்கு வரும் பெரியவர்கள் சிலர், டாக்டர் எழுதிக் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளான் கேப்சூல் சாப்பிடுவதாகச் சொல்கிறார்கள். "அது இங்கிலீஷ் மருந்து, இது இயற்கை" என்பது காரணம். திருவண்ணாமலையில் மூலிகைக்கும் பொடிக்கும் என்றைக்குமே பஞ்சமில்லை. ஆனால் நிறுத்தியது எது என்று தெரிந்து நிறுத்தினார்களா?

அந்த இங்கிலீஷ் மருந்தே பூஞ்சையிலிருந்து பிறந்ததுதான். காளானும் பூஞ்சை இனமே. உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. அதில் ஈரலின் பங்கு பெரிது. அந்தத் தயாரிப்பின் முக்கியமான ஒரு படியை ஒரு நொதி நடத்துகிறது. அதைத் தடுக்கும் பொருள் ஏதாவது ஒரு பூஞ்சையில் இருக்கும் என்று நம்பிய ஜப்பானியர் அகிரா எண்டோ, 1971-ல் தேடத் தொடங்கி ஆறாயிரம் பூஞ்சைகள் வரை சோதித்தார். 1973-ல் கிடைத்தது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் இருந்த பெனிசிலியம் பூஞ்சை அது.

பூட்டில் தவறான சாவி சிக்கிக்கொண்டால் சரியான சாவி நுழையாது. அந்தப் பொருளும் அப்படித்தான் நொதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தயாரிப்பு குறைந்ததும் ஈரல் தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது. வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பலர் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆலையில் செய்யப்படுவது. வேலை அதே வேலை.

அப்படியானால் காளானே போதாதா? சிப்பிக் காளானில் லோவாஸ்டாட்டின் இருப்பது உண்மை. எவ்வளவு என்பது வகைக்கு வகை, விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். மாத்திரையில் 10 மில்லிகிராம் என்றால் 10 மில்லிகிராம்தான். குழம்பில் போடுங்கள், நல்ல உணவு. மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரெய்ஷி என்று அதிக விலைக்கு விற்கும் காளானும் ஆய்வுக்கூடத்தில் சில நொதிகளைத் தடுக்கிறது. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை 2015-ல் காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தபோது, சர்க்கரை நோயாளிகளின் இதயத்தைக் காக்க அதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை.

சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல் இன்னும் கவலைக்குரியது. அதில் லோவாஸ்டாட்டினே இருக்கிறது. மாத்திரையோடு சேர்த்தால் இரட்டை மருந்து. தசையும் ஈரலும் பாதிக்கப்படலாம். 2024 மார்ச்சில் ஜப்பானில் இத்தகைய கேப்சூல் சாப்பிட்டவர்கள் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

காளான் பற்றிய ஹதீஸைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. அது கண்ணுக்கான நிவாரணத்தைப் பற்றியது. அதில் வரும் 'கம்ஆ' பாலை மண்ணுக்குள் விளைவது. டப்பாவில் வருவது அதுவல்ல. ஹதீஸை விளம்பரச் சீட்டாக்குவது நமக்கு வருத்தம் தருகிறது.

கேப்சூல் சாப்பிடுபவர்கள் அந்த டப்பாவையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையால் உடம்பு வலித்தால் அதையும் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரை தரவோ அவரால் முடியும். பணமில்லாமல் நிறுத்தியவர்கள் கூச்சப்பட வேண்டாம். மருந்துச் சீட்டோடு அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.